ஆன்லைனில் லத்தீன் கற்றுத்தருகிறீர்களா? மாணவர்கள் பாதியில் நின்றுபோகாமல் இருக்க

முதல் முறையாக ஆன்லைனில் லத்தீன் வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் புத்தகத்தைப் பற்றித்தான். எந்தப் பாடநூல் நல்லது, எந்த உச்சரிப்பைச் சொல்லித்தருவது, எந்த ஆப் போடச் சொல்வது. அதெல்லாம் கீழே வருகிறது. ஆனால் எட்டாவது வாரம் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள் என்பது புத்தகத்தின் கையில் இல்லை.

நான் பார்த்தவரை, "லத்தீன் கஷ்டம், எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் சொல்லாமல் நின்றுபோனார்கள். ஒரு வாரம் தவறும், வீட்டில் கல்யாணமோ, ஆபீசில் மாதக் கடைசி வேலையோ, குழந்தைக்குக் காய்ச்சலோ. ரெக்கார்டிங் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள், பார்க்க மாட்டார்கள், அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் வாசிப்பது பாதி புரியாது, அதற்கடுத்த வாரம் வருவதற்கே ஒரு கூச்சம். நேரில் நடக்கும் வகுப்பு என்றால் எங்காவது பார்த்து "என்னம்மா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்" என்று கேட்டுவிடலாம். திரையில் ஒரு சின்னக் கட்டம் குறைந்தால் யாருக்கும் தெரிவதில்லை. என் முதல் பேட்ச்சில் பாதிக்கு மேல் இப்படித்தான் போனார்கள். பாடத்தை ஒழுங்காக நடத்தினால் போதும் என்று நானும் இருந்துவிட்டேன், அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அதனால் நான் இப்போது செய்வதெல்லாம் தவறியவர் திரும்பி வருவதற்கு வழி விட்டு வைப்பதும், திரும்பி வர ஆசைப்படும்படி ஏதாவது கையில் கொடுப்பதும்தான். வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: ஆளுக்குப் பத்து நிமிடம் போன்

பதிவுப் படிவத்தில் "ஏன் லத்தீன் கற்க விரும்புகிறீர்கள்?" என்று ஒரு கட்டம் வைத்தால் எல்லோரும் "ஆர்வம்" என்று எழுதுவார்கள். போன் போட்டுப் பேசினால்தான் விஷயம் வெளியே வரும். ஒருவர் கத்தோலிக்கக் கோயில் பாடற்குழுவில் இருபது வருடமாக லத்தீன் பாட்டு பாடுகிறார், ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. ஒரு தாவரவியல் ஆசிரியைக்கு மரங்களின் பெயர்கள் ஏன் அப்படி முடிகின்றன என்று தெரிய வேண்டும். இன்னொருவர் நாணயம் சேர்ப்பவர். சட்டம் படிப்பவர், குருமடத்தில் சேரப் போகிறவர், ரிடையர் ஆனபின் மூளைக்கு வேலை கொடுக்க நினைப்பவர் என்று பல ரகம். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்பதாவது வாரத்தில் உங்களுக்கு அந்த நோட்டு தேவைப்படும்.

அதே போனில் இன்னொன்றும் கேளுங்கள்: வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு மோசமான நாள்? சனிக்கிழமை இரவு 7 மணி இந்திய நேரம் என்று வைத்தால் சிங்கப்பூரில் 9.30, லண்டனில் மத்தியானம், டொராண்டோவில் காலை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மார்ச்சில் டொராண்டோக்காரர்களுக்கு முதலில் கடிகாரம் மாறும், லண்டன்காரர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மாறும். அந்தக் குழப்பத்தில் ஒருமுறை வகுப்பு முடிந்தபின் வந்து நின்றவர் அதோடு வராமல் போனதும் உண்டு. தேதியை முன்கூட்டியே குறித்து, இரண்டு நாள் முன்பு ஞாபகப்படுத்துங்கள்.

புத்தகம், உச்சரிப்பு: சீக்கிரம் முடிவு செய்துவிடுங்கள்

புத்தகத்தில் இரண்டு பெரிய வழிகள். வீலாக் எழுதியது இலக்கணத்தை முதலில் விளக்கி, பிறகு மொழிபெயர்க்கச் சொல்வது, 40 பாடம், 1956 முதல் ஓடுகிறது. டென்மார்க்கின் ஓர்பெர்க் எழுதிய 'ஃபமிலியா ரோமானா' முதல் பக்கத்திலிருந்து லத்தீனிலேயே கதையாகப் போவது, 35 பாடம். தொலைவில் நடத்தும்போது நான் ஓர்பெர்க்கைத்தான் எடுப்பேன். இரவு பத்தரை மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு அட்டவணையை மனப்பாடம் செய்ய மனம் வராது, ஆனால் ஒரு பக்கக் கதை வாசித்துவிடலாம். வீலாக் மோசம் என்று சொல்லவில்லை, பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும்.

உச்சரிப்பில் சண்டை வரும். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் பெயரையே கோயில் வழியாக வந்தவர்கள் 'சிச்செரோ' என்பார்கள், பழைய ரோமானிய உச்சரிப்பைப் பின்பற்றுபவர்கள் 'கிகெரோ' என்பார்கள். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மற்றதைச் சொல்பவரைத் திருத்தாதீர்கள். பாடற்குழுக்காரர் இருபது வருடம் பாடியதை எல்லோர் முன்பும் தவறு என்று சொன்னால், மறுவாரம் அவர் வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தமிழ் மாணவர்களாக இருந்தால் ஒரு நல்ல செய்தி சொல்லித் தொடங்கலாம். லத்தீனில் 't' என்ற எழுத்து நம் தம்பியில் வரும் 'த'தான், ஆங்கிலம் வழியாக வந்த 'ட' வேண்டாம். கல், கால் என்று குறில் நெடிலில் பொருள் மாறுவதுபோல அங்கேயும் மாறும்: 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். இதற்கு நம் ஆட்களுக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது.

முதல் வாரமே நிஜமான ஒன்றை வாசிக்க வையுங்கள்

பயிற்சிக்கென்று செய்த வாக்கியங்களை மட்டும் மூன்று மாதம் வாசித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் சலிக்கும். நான் முதல் வகுப்பின் கடைசிக் கால் மணி நேரத்தில் ரோமானியப் பேரரசர் திபேரியஸின் வெள்ளி நாணயம் ஒன்றின் படத்தைத் திரையில் போடுவேன். இந்த வகை நாணயம் கோயம்புத்தூர்ப் பக்கம் புதையல்களில் நிறையக் கிடைத்தது, எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானிய நாணயங்கள் இருக்கின்றன. சுற்றிலும் சுருக்கெழுத்தில் பொறித்திருப்பதை விரித்தால் 'திபேரியுஸ் கைஸர் தீவீ அவுகுஸ்தீ ஃபீலியுஸ் அவுகுஸ்துஸ்' என்று வரும். தெய்வமான அகஸ்டஸின் மகன், திபேரியஸ் சீசர் அகஸ்டஸ். 'அவுகுஸ்துஸ்' என்பது 'அவுகுஸ்தீ' ஆகும்போது நம் 'இன்' உருபு வேலை நடந்துவிடுகிறது. 'மகன்' என்ற முழுச் சொல்லுக்கும் நாணயத்தில் ஒரே ஒரு எழுத்துதான், அந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு மிளகுக்கும் துணிக்கும் மணிகளுக்கும் விலையாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்த காசை, முதல் நாளே தானாக வாசித்தவர் அன்று இரவு வீட்டில் யாரிடமாவது அதைச் சொல்லாமல் தூங்க மாட்டார்.

தமிழை வைத்தே சொல்லிக்கொடுங்கள்

தமிழ் பேசும் மாணவர்களுக்கு லத்தீனை ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருவது அவர்களை இரண்டு ஆறு தாண்ட வைப்பது மாதிரி. 'மிஹி ப்லாகெத்' என்பதை ஆங்கிலத்தில் விளக்கப் போனால் கால் மணி நேரம் ஆகும், ஏனென்றால் ஆங்கிலத்தில் பிடிப்பவர்தான் எழுவாய். தமிழில் அது அப்படியே 'எனக்குப் பிடிக்கும்'. 'மிஹி'தான் 'எனக்கு', நான்காம் வேற்றுமை, முடிந்தது. 'அமோ, அமாஸ், அமத்' என்றால் நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான். நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். 'புயெல்லா அக்வாம் போர்த்தத்' என்ற வாக்கியத்தைச் சொல் சொல்லாக 'சிறுமி தண்ணீரைச் சுமக்கிறாள்' என்று அதே வரிசையில் வைத்துவிடலாம். வகுப்பில் யாராவது "அட, நம்ம மாதிரியே இருக்கே" என்பார்கள். அந்தக் கணத்தை விடாதீர்கள், அங்கேயே இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

வீரமாமுனிவர் இதே பாலத்தில் எதிர்த்திசையில் நடந்தவர். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார், பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார், அது 1738ல் தரங்கம்பாடியில் அச்சானது. இதைக் கேட்டால் லத்தீன் நமக்குச் சம்பந்தமில்லாத மொழி என்ற எண்ணம் கொஞ்சம் தளரும்.

சரி, தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு, அவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மாணவர் தன்னையே குறைசொல்லிக்கொள்வார். நாம் 'தண்ணீர் குடித்தாள்' என்று 'ஐ'யை விட்டுவிடுவோம், லத்தீனில் விட முடியாது. வாளால், ரோமிலிருந்து, நகரத்தில் என்று நாம் தனித்தனி உருபுகளில் சொல்வதையெல்லாம் அவர்கள் ஒரே வேற்றுமையில் அடைத்துவைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தடுமாற்றம் பெயரடை. 'பெரிய' என்பது நமக்கு வீட்டுக்கும் ஒன்றுதான், மாட்டுக்கும் ஒன்றுதான், வீட்டை, வீட்டுக்கு, வீட்டில் எதற்கும் மாறாது. லத்தீனில் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் சேர்ந்து மாறும். மேசைக்குப் பெண்பால் என்பதையே நம் மனசு ஏற்றுக்கொள்ள நாளாகும்.

இங்கேதான் அந்தத் தாவரவியல் ஆசிரியை எனக்குக் கைகொடுத்தார். அரசமரத்தின் பெயர் 'ஃபைகஸ் ரிலிஜியோசா', புளியமரம் 'டாமரிண்டஸ் இண்டிகா'. முதல் சொல் 'உஸ்' என்று ஆண்பால் மாதிரி முடிகிறது, அடுத்த சொல் 'ஆ' என்று பெண்பாலில் முடிகிறது, இது தப்பில்லையா என்று கேட்டார். தப்பில்லை, லத்தீனில் மரங்கள் பெரும்பாலும் பெண்பால், பெயரின் முடிவு எப்படி இருந்தாலும் பெயரடை அந்தப் பாலைத்தான் பார்க்கும். அடுத்த வாரம் ஆளுக்கொரு மரத்தின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். பூங்கா, கல்லூரி வளாகம், ஒருவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலிருந்து. அட்டவணையில் மூன்று வாரம் பிடிபடாதது அந்த ஒரு மணி நேரத்தில் பலருக்குப் பிடிபட்டது.

வாராந்திர வேலை: குறைவாக, ஆனால் நாள்தோறும்

வாரம் ஒரு மணி நேரம் நேரலை வகுப்பு. மீதி நாட்களில் ஐந்து நாள், நாளுக்குக் கால் மணி நேரம். அதற்கு மேல் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து முடித்துவிடுகிறேன் என்பவர் இரண்டாவது ஞாயிறே தோற்றுப்போவார்.

ஹோம்வொர்க்கை எழுத்தில் வாங்காமல் வாட்ஸாப்பில் வாய்ஸ் நோட்டாக வாங்குங்கள். நான்கு வரி வாசித்து அனுப்பினால் போதும். பஸ்ஸில் இருந்து அனுப்புவார்கள், பின்னால் குக்கர் விசில் கேட்கும், பரவாயில்லை. வாசிக்கும் வேகத்திலேயே எங்கே புரியவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பதிலுக்கு நீங்களும் அரை நிமிடம் பேசி அனுப்புங்கள், பெயர் சொல்லி, ஒரே ஒரு திருத்தம். குழுவில் போடுவதா தனியாக அனுப்புவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

சொல் மனப்பாடத்துக்கு ஆன்கி ஆப் நல்லது, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. தானாக வரும் அமைப்பில் நாளுக்கு 20 புதுச் சொற்களும் 200 மறுபார்வையும் இருக்கும். ஒரு வாரம் திறக்காமல் விட்டால் மலைபோலக் குவிந்திருக்கும், அந்த எண்ணைப் பார்த்ததுமே மூடிவிடுவார்கள். முதல் வகுப்பிலேயே எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி, அமைப்புக்குள் போய், புதுச் சொல் 5, மறுபார்வை 40 என்று மாற்ற வையுங்கள். நீங்கள் திரையில் காட்டி, அவர்கள் கூடவே செய்ய வேண்டும். பிறகு செய்துகொள்ளுங்கள் என்றால் நடக்காது.

ரெக்கார்டிங் பற்றி: முழு ஒரு மணி நேர வீடியோவை அனுப்புவதை நான் நிறுத்திவிட்டேன். தவறியவருக்கு ஒரு பக்கக் குறிப்பும், பாடத்தை நிதானமாக வாசித்த எட்டு நிமிட ஆடியோவும் போதும். எட்டு நிமிடத்தை நடந்துகொண்டே கேட்டுவிடுவார்கள்.

தொய்வு வரும் வாரங்கள்

ஓர்பெர்க்கில் ஒன்பதாவது பாடத்தில் மூன்றாம் வகைப் பெயர்ச்சொற்கள் வரும். அதுவரை ஒழுங்காகப் போன விகுதிகள் கலைந்துவிடும், எந்தச் சொல்லைப் பார்த்தாலும் புதிதாகத் தெரியும். எந்தப் புத்தகம் எடுத்தாலும் இந்த மேடு ஏறக்குறைய இந்த நேரத்தில் வந்தே தீரும். இதற்கு முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள்: "அடுத்த மூன்று வாரம் குழப்பமாக இருக்கும், எல்லோருக்கும் இருக்கும், குழப்பத்தோடு வாருங்கள்." அப்புறம் அந்த நோட்டை எடுங்கள். நாணயக்காரருக்கு ஒரு நாணயம், பாடற்குழுக்காரருக்கு அவர் பாடும் பாட்டின் இரண்டு வரி, அதில் இந்த வாரப் பாடத்தில் வந்த ஒரு உருபு இருக்கும்படி பார்த்துத் தனியாக அனுப்புங்கள். பத்துப் பேர் என்றால் உங்களுக்கு ஒரு சாயங்காலம் போகும். அந்தச் சாயங்காலத்தைவிடப் பலன் தந்த வேலை எனக்கு வேறில்லை.

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை புதுப் பாடமே நடத்தாதீர்கள். நாங்கள் அதை மூச்சு வாரம் என்போம். பழைய பாடங்களில் எளிதான பக்கங்களை வாசிப்பது, அவ்வளவுதான். நன்றாகப் படிப்பவர்களுக்கு வேகமாக வாசிக்க வருகிறது என்ற சந்தோஷம் கிடைக்கும், பின்தங்கியவர்களுக்கு உள்ளே நுழைய ஒரு கதவு கிடைக்கும். பாடத்திட்டம் முடியாதே என்று பதற வேண்டாம், 35 பாடத்தை ஒரு வருடத்தில் முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஒருவர் வராமல் போனால்

இரண்டு வாரம் தாண்ட விடாதீர்கள். முதல் வாரம் தவறியதும் ஒரு வரி, இரண்டாவது வாரம் தவறியதும் போன். "நீங்கள் மூன்று பாடம் தவறவிட்டிருக்கிறீர்கள்" என்று எழுதினால் கடன்காரருக்கு நோட்டீஸ் அனுப்புவது போலாகிவிடும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அக்கா, இந்தச் சனிக்கிழமை மூச்சு வாரம். ஏழாவது பாடத்தில் முதல் பத்து வரிதான் வாசிக்கிறோம். நாலாவது வரி உங்களுக்கு வைத்திருக்கிறேன். ஆடியோ இதோடு இருக்கிறது." ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை, சொல்ல வேண்டும் என்றால் அவர்களே சொல்வார்கள். ஒருமுறை ஒரு மாணவி ஏழு வாரம் கழித்து வந்தார், அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கேமரா போடவில்லை. தன் முறை வந்ததும் நாலாவது வரியை மெதுவாக, சரியாக வாசித்தார். வரிக்காகத்தான் வந்தேன் என்று பிறகு சொன்னார்.

அவர் வந்த அன்று வகுப்பில் விட்டதையெல்லாம் அவருக்காக விளக்கி எல்லோர் முன்பும் அவரை நடுவில் நிறுத்தாதீர்கள். வகுப்பு முடிந்ததும் பதினைந்து நிமிடம் தனியாக இருந்து பேசினால் போதும்.

பழைய மனிதர்களின் குரல்

இரண்டாவது மூன்றாவது மாதத்திலிருந்து வாரம் ஒரு சின்ன நிஜத் துண்டு கொடுங்கள். பழைய ரோமானிய நகரமான பொம்பெயியின் சுவரில் யாரோ கிறுக்கியது: 'சுவரே, இத்தனை பேர் எழுதிய சலிப்பையெல்லாம் தாங்கிக்கொண்டு நீ இன்னும் இடிந்து விழாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்.' கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை வெடித்து அந்த நகரம் புதைவதற்கு முன் எழுதியது. ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸின் இரண்டடிக் கவிதை ஒன்று, 'ஓதீ எத் அமோ' என்று தொடங்குவது, 'வெறுக்கிறேன், நேசிக்கிறேன்'. மொத்தம் 14 சொல், அதில் 8 வினைகள், பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை. வினை விகுதிகளை இதைவிடச் சிக்கனமாகச் சொல்லித்தர முடியாது, அதோடு எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேதனையும் அதில் இருக்கிறது.

நான் மிகவும் விரும்புவது வட இங்கிலாந்தில் விந்தொலாந்தா என்ற பழைய ரோமானியக் கோட்டையில் கிடைத்த ஒரு மெல்லிய மரப்பலகைக் கடிதம், ஏறக்குறைய கி.பி. 100. கிளாவ்தியா செவெரா என்ற பெண் தன் தோழி சுல்பிகியா லெபிதினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள், செப்டம்பர் 11. கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார், கடைசியில் சில வரிகள் மட்டும் அவளே தன் கையால் எழுதியது, அதில் 'சொரோர்', 'அனிமா மெயா' என்று வரும். சகோதரி, என் உயிரே. தொலைவில் இருக்கும் தோழியை வா வா என்று கூப்பிடும் கடிதத்தை, ஒருவருக்கொருவர் நேரில் பார்த்தே இராத பத்துப் பேர் திரையில் சேர்ந்து வாசிக்கும்போது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அந்த வார ஹோம்வொர்க், லெபிதினாவாக இருந்து மூன்று வாக்கியத்தில் பதில் எழுதுவது. பிழையோடு எழுதட்டும். ஒருவர் "கணவருக்குக் காய்ச்சல், வர முடியாது" என்று எழுதினார், அதற்குச் செவெராவாக இன்னொருவர் பதில் போட்டார், குழுவில் அது இரண்டு வாரம் ஓடியது.

கேட்கவும் ஏதாவது வேண்டும். வத்திக்கான் வானொலி 2019லிருந்து வாராவாரம் லத்தீனில் சின்னச் செய்தியறிக்கை தருகிறது, கோயில் உச்சரிப்பில் இருக்கும். லத்தீன் விக்கிப்பீடியாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன, தங்கள் ஊரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், இந்த மொழியால் என்ன பயன் என்று வீட்டில் யாராவது கேட்டு மாணவர் சோர்ந்து வந்தால் சொல்ல ஒரு சம்பவம்: 2013 பிப்ரவரி 11 அன்று போப் பதினாறாம் பெனடிக்ட் தன் பதவி விலகலைக் கார்தினால்கள் முன்பு லத்தீனில் அறிவித்தார். அதை உள்வட்டத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த இத்தாலியச் செய்தி நிறுவனமான ஆன்சாவின் நிருபர் ஜொவான்னா கிர்ரிக்கு லத்தீன் தெரியும். புரிந்துகொண்டு, உலகத்துக்கு முதலில் செய்தியைத் தந்தவர் அவர்தான்.

பரீட்சையும் சான்றிதழும்

வேண்டும் என்பவர்களுக்கு வையுங்கள், எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டாம். நான் மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒவ்வொருவரும் முதல் வாரம் அனுப்பிய வாய்ஸ் நோட்டை எடுத்து வைத்திருந்து, இருபதாவது வாரம் அதே பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொல்லி இரண்டையும் அடுத்தடுத்து அனுப்புகிறேன். அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தவர் யாருமில்லை.

கடைசியாக ஒரு வேலை, பலரும் மறப்பது. அடுத்த பேட்ச் தொடங்கும்போது விளம்பரம் போடுவதற்கு முன், போன பேட்ச்சில் நின்றுபோனவர்களுக்கு எழுதுங்கள். எந்தப் பாடத்தில் நின்றார்களோ அந்தப் பாடம் புது பேட்ச்சில் எந்தத் தேதி வருகிறது என்று குறிப்பிட்டு, அந்த வாரத்திலிருந்து நேராகச் சேர்ந்துகொள்ளலாம், பணம் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிலர் பதில் போட மாட்டார்கள். என் முதல் பேட்ச்சில் ஒன்பதாவது பாடத்தில் நின்ற ஒருவர் இரண்டு வருடம் கழித்து அதே பாடத்தில் வந்து சேர்ந்தார், பழைய நோட்டில் அன்றைக்குப் பாதியில் விட்ட பக்கம் அப்படியே இருந்தது, அதற்குக் கீழே தேதி போட்டு எழுதத் தொடங்கினார்.